கோட்டு முனியின் ஊருக்கு

என் அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் ஒன்றை நினைத்துவிட்டால் அதை நான்தான் ஓடி ஓடிச் செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கம். இந்த முறை, பேரனுக்கு முதல் மொட்டையைக் குலதெய்வக் கோயிலில்தான் அடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். குலதெய்வம் எது, கோயில் எங்கே என்று மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "பவானிப் பக்கம்" என்று மட்டும் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெரியாத கோயிலுக்குப் பதினோரு பேருக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டு, கண்டுபிடித்து வை என்று என்னை முன்னால் அனுப்பினார்.

கோயம்புத்தூரில் வரலாற்று மன்றம் ஒன்று மூன்று நாள் குடும்ப வரலாற்று நிகழ்ச்சி நடத்துவதாகவும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பங்காளிகளைத் தேடிக் கொடுப்பதாகவும் அண்ணன்தான் விசாரித்து வைத்திருந்தார். நான் கொண்டுபோன ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். தாத்தா நாச்சிமுத்து ஈப்போ ஸ்டூடியோவில் கோட்டும் தொப்பியுமாக, கையில் குடையோடு நிற்கிறார். ஒரு தடவை ஊருக்குப் போய்வர ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தைத்தாராம். போனவர் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் திரும்பி வந்தாராம். ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அப்பா சொன்னது அவ்வளவுதான்.

முதல் நாள் காலை காந்திபுரத்தில் லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டேன். எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு அக்கா போலிருந்தது. பரிமாறியவர், "இன்னொரு ஈடு வெக்கட்டுங்களா? வெறும் ரெண்டுல எப்படிங்க பொழுது போகும்?" என்று உரிமையாகக் கடிந்துகொண்டார். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை அதட்டிய என்னை ஒருவர் இவ்வளவு மரியாதையாக அதட்டியது பிடித்திருந்தது. காபி மட்டும் விரலளவு டம்ளரில் வந்தது. ஈப்போவில் அதைக் கொடுத்தால் மாதிரிக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைப்போம்.

பிறகு டவுன் பஸ்ஸில் ஏறினேன். அண்ணன் ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருந்தார். அதனாலேயே பஸ்ஸில் ஏறினேன். மண்டபம் ஒரு திசையில் இருக்க, பஸ் என்னை உக்கடத்தில் பெரிய குளத்துக்கு எதிரே இறக்கிவிட்டது. "ஏறுன பக்கந்தான் தப்புங்க அம்மணி, பஸ்ஸு மேல தப்பில்லீங்க" என்றார் கண்டக்டர். துணிக்கடை வாசலில் நின்றிருந்த தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என் முழியைப் பார்த்து அருகில் வந்தார். மலேசியா என்றதும், "எங்க மாமு பினாங்குல கடை வெச்சிருந்தாருங்க. மாசாமாசம் கடுதாசி வரும். அவரு மவுத்தான சேதியும் கடுதாசிலதான் வந்துச்சு" என்றார். ஓர் ஆட்டோவை நிறுத்தி, என்னை அக்கா மாதிரி பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்லி ஓட்டுநரிடம் கட்டளையிட்டு அனுப்பினார். எங்கள் தாத்தா ஒரு கடிதமும் எழுதியதாகத் தெரியவில்லை. அவருக்கு எழுதத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது என்று ஆட்டோவில் போகும்போதுதான் உறைத்தது.

நிகழ்ச்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் மணமக்களின் பெயர்ப்பலகையை இன்னும் எடுக்கவில்லை. மேடையில் சிங்காசன நாற்காலி இரண்டும் காலியாக இருந்தன. கயிறு கட்டித் துணிக்குப் போடும் கிளிப்பால் வம்சாவளி அட்டவணைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்கள் பெயரெல்லாம் கட்டத்துக்குள். பெண்கள் "மகள் 2", "மகள் 3" என்று ஓரத்தில். தாத்தாவின் பெயர் ஏறினாலும் என் பெயர் அதில் வரப்போவதில்லை. பெயர் வராத அட்டவணைக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

மன்றத்தின் செயலாளர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று முதலில் குலத்தைக் கேட்டார். தெரியாது என்றேன். கோயில்? அதுவும் தெரியாது. அவர் முகம் சுளிக்கவில்லை. "தாத்தா பேரு இருக்குதுங்கள்ல, அது போதும். இந்தப் பக்கம் பாட்டன் பேரத்தான் பேரனுக்கு வெப்பாங்க. ரெண்டு தலைமுறைக்கு ஒருக்கா அதே பேரு வந்துட்டே இருக்கும். எந்தக் குடும்பத்துல நாச்சிமுத்துங்கற பேரு வந்துட்டே இருந்து திடீர்னு நின்னுபோச்சோ, அங்க தேடோணுமுங்க" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டார். பவானிக்குப் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்றில் நாச்சிமுத்து, பெரியசாமி, மறுபடி நாச்சிமுத்து என்று இறங்கிவந்த வரிசை எங்கள் தாத்தாவோடு முடிந்திருந்தது. அதன்பின் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் இல்லை. தாத்தாவின் கட்டத்தைப் படித்தேன். "நாச்சிமுத்து. இளம் வயதில் இறப்பு. வாரிசு இல்லை. ஆடி அமாவாசையன்று கூடுதுறையில் கருமாதி. செய்தவர் தம்பி மாரப்பன்."

அந்தக் கட்டத்தின்படி என் அப்பா பிறக்கவே இல்லை. அண்ணனும் இல்லை, நானும் இல்லை. இலையில் விழுந்த இனிப்போடு சாப்பாட்டு இலையை மூடிவிட்டேன்.

"பதறாதீங்க" என்றார் செயலாளர். "சீமைக்குப் போனவங்க வருசக்கணக்கா சேதி இல்லாமப் போயிட்டா, தர்ப்பையில ஆள் மாதிரி செஞ்சு வெச்சுக் கருமாதி பண்ணிப்போடறது உண்டுங்க. இல்லீன்னா ஊட்டுல ஒரு நல்ல காரியம் பண்ண முடியாதுங்களே. உங்க தாத்தா உசுரோட இருந்தாருன்னு ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டா, உங்க கிளையைச் சேத்திப்போடலாம். நாளன்னைக்கு வம்சாவளிப் புத்தகம் அச்சுக்குப் போகுது. கோயில்ல மொட்டை, காதுகுத்துக்கு முறை தர்றதும் இந்தப் புத்தகத்தப் பாத்துத்தானுங்க." ஒரு படிவத்தில் எங்கள் பக்கத்து விவரங்களை எழுதச் சொன்னார். மீதியைப் பங்காளி நிரப்புவார் என்றார்.

அண்ணனுக்கு போன் போட்டேன். "பசியாறிட்டியா?" என்று தொடங்கியவர், விஷயத்தைச் சொன்னதும், "ஒரு கையெழுத்துதானே லா? கேட்டா போட மாட்டாங்களா?" என்றார். பேரனுக்குக் குட்டி வேட்டி வாங்கியாகிவிட்டதாம்.

இரண்டாம் நாள் மன்றத்து வேனில் பதினான்கு பேர் கிளம்பினோம். கிராமங்களின் பழங்கதைகளைச் சேகரிப்பது அன்றைய திட்டம். என் தாத்தாவின் ஊரையும் செயலாளர் அதில் சேர்த்திருந்தார். பெருந்துறை தாண்டியதும் வேனின் ஏ.சி. நின்றது. ஜன்னல்கள் திறக்காத வகை வேன். அனல் தாங்காமல் நடுவழியில் இறங்கி இளநீர் குடித்தபோது, கூட வந்த ஒரு பேராசிரியர், எல்லாரும் காளை மாட்டு வண்டியில் போன ரோடு இது என்று ஆறுதல் சொன்னார். அவருடைய மண்டையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

தாத்தாவின் தம்பி மாரப்பனுடைய பேரன் குப்புசாமி, வாசலுக்கு வந்து கை கூப்பி வரவேற்றார். அறுபது வயதிருக்கும். அவருடைய மனைவி ருக்குமணி எனக்குத் தனியாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுக்கொண்டே இருந்தார்கள். போதும் என்று கையால் மறைத்தால் கை மேலேயே விட்டுவிடுவார்கள் போலிருந்தது. சொந்தக்காரர்கள் என்ற சொல்லுக்கு ஈப்போவில் நாங்கள் வைத்திருந்த பொருள், எங்களைத் தவிர யாரும் இல்லை என்பதுதான். இங்கே ஒருவர் என் அப்பாவின் தாடையோடு எனக்கு எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

படிவத்தை நீட்டினேன். "அதுக்கென்னங்க அம்மணி, போட்டுக் குடுத்துப்போடலாமுங்க. நீங்க வயிறார உண்ணுங்க மொதல்ல" என்றார் குப்புசாமி. அடுத்த நிமிடமே அண்ணனுக்கு, "நல்ல மனிதர்கள்" என்று செய்தி அனுப்பினேன்.

சாப்பிட்டதும் செயலாளர் எல்லாரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வேப்பமரம், அதனடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். கல்லின் தோளில் எந்த மாப்பிள்ளையுடையதோ ஒரு பழைய கல்யாணக் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். "இது கோட்டு முனிங்க. வேற எங்கியும் இல்லாத சாமி" என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். எல்லாரும் போனை எடுத்துப் பதிவு செய்யத் தயாரானார்கள். கதை சொன்னவர் ருக்குமணி. பல தடவை சொல்லிப் பழகிய உற்சாகம் அவர் குரலில் இருந்தது.

"எங்க மாமனாரு சொல்லித் தெரியுமுங்க. அவரு அப்பப் பொடியனாம். நல்ல உச்சி வெயிலாம். கோட்டு, தொப்பி, கையில கொடை. இங்கதான் வந்து நின்னு, 'மாரப்பா, மாரப்பா'ன்னு கூப்புட்டுதாம். செத்துப்போனவரோட கொரலேதானாம்."

"யாரு செத்தது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அந்தப் பேரச் சொல்லக்கூடாதுங்க, திரும்பிப் பாக்கும். கருமாதி பண்ணி வருசம் பல ஆனவரு. மூணு தரம் கூப்புட்டுதாம். பொறகு, 'தண்ணியாச்சும் குடுடா'ன்னு கேட்டுதாம். மாமனாரோட அப்பா, மாரப்ப அப்பாரு, கதவச் சாத்தித் தாப்பாப் போட்டு, ஊட்டுல இருந்த அத்தனை பேரையும் வாயப் பொத்தி உக்கார வெச்சுட்டாரு. பொழுது சாயற வரைக்கும் நின்னுபோட்டுப் போயிருச்சுங்களாமா. அதுல இருந்து வருசம் தவறாம ஒரு சேவல் அறுத்து, இனி இந்தப் பக்கம் வந்துராதேன்னு கும்புட்டுக்குவோமுங்க. நெம்பத் துடியான சாமி. அப்புறம் வந்ததே இல்லீங்க."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். நான் கைப்பையைத் திறந்து தாத்தாவின் படத்தை எடுத்தேன். ஏன் அப்படி எல்லார் முன்னாலும் எடுத்தேன், கொஞ்சம் பொறுத்துத் தனியாகக் காட்டியிருக்கலாமே என்று பிறகு நினைத்தேன். அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. படத்தை ருக்குமணியிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஊருக்கு வர்றதுக்காக எடுத்த படம்" என்றேன். "உயிரோடதான் வந்தார்."

கடல் தாண்டி வந்த மனிதர், தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு தம்பி மகன் பிறந்திருப்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு பகல் முழுவதும் புதுக் கோட்டில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு வருடா வருடம் இந்த ஊரே கூடி நின்று அவரை வராதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை.

வேன் கிளம்பும் நேரத்தில் குப்புசாமி வந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த படிவத்தைப் பிரித்துக் காட்டினார். கையெழுத்து இல்லை. "அம்மணி, உங்களை நான் இல்லீன்னு சொல்லலீங்க" என்றார். "ஆனா அவரு சாமியாவே இருந்துட்டுப் போகட்டுங்க. மனுசனா வந்தாருன்னு ஆயிருச்சுன்னா, கூடப் பொறந்தவனுக்குத் தண்ணி குடுக்காமக் கதவச் சாத்துனவரு எங்க மாரப்ப அப்பாருன்னு ஆயிருமுங்க. நாங்க எப்படிங்க அந்த ஊட்டுலயே குடியிருக்கறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரையாவது திட்டி முடித்துத் திரும்பியிருப்பேன். பயந்துபோன ஒரு வீட்டைத் திட்டி என்ன செய்வது? வேனில் எல்லாரும் என்னிடம் மிக அன்பாக நடந்துகொண்டார்கள். செயலாளர் தன் பங்குக் கடலை மிட்டாயையும் எனக்கே கொடுத்தார். பவானியில் தங்கிய விடுதியில் அண்ணனின் அழைப்பை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்களைக் கூடுதுறைக்கு அழைத்துப் போனார்கள். பவானியும் காவிரியும் சேரும் அந்தத் துறையில்தான் தாத்தாவின் கருமாதி நடந்தது. படித்துறை முழுக்க மொட்டைத் தலைகளும் ஈர வேட்டிகளும். ஒவ்வொரு குடும்பமும் சத்தமாகத் தன் ஆளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. செயலாளர் ஜமக்காளம் விரித்த திண்டில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

குப்புசாமி தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். கையில் புது வேட்டி ஒன்று, ஒரு சொம்பு. கண் சிவந்திருந்தது.

"போட்டோல இருக்கறது எங்க மாரப்ப அப்பாரோட மொகமேதானுங்க. அத நான் எப்படிங்க பேயின்னு சொல்றது? ருக்குமணியும் உலையக்கூட வெக்காம உக்காந்திருக்கறா" என்றார். "பாவம் எங்க தலைல உழுந்தா உழுகட்டும். நான் கையெழுத்துப் போடறேன். பெரியப்பாருக்கு இங்கயே முறையாத் தண்ணி உட்டுப்போட்டும் போறேனுங்க."

செயலாளர் படிவத்தை வாங்கி, தன் நீலப் பேனாவை எடுத்தார். நேற்று அனுப்பிய "நல்ல மனிதர்கள்" செய்தியை அண்ணனுக்கு மறுபடி அனுப்பலாம் போலிருந்தது.

"ஒரு ஆளு ரெண்டு தரம் சாக முடியாதுங்களே" என்று செயலாளர் எனக்கு விளக்கினார். "மொதல் சாவ அடிக்கோணுமுன்னா நெசமான சாவ எழுதோணும். எறந்த நாளு சொல்லுங்க."

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் என்று தெரியும். இன்றைய தாய்லாந்தான சயாமுக்கு ரயில் பாதை போடத் தாத்தாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று தெரியும்.

"நாள் தெரியாது" என்றேன்.

"சரிங்க, அத விட்டுப்போடலாம். பெத்த மகன்தான் கொள்ளி வெச்சாருன்னா வாரிசுக்கு அதுவே சாட்சி. கொள்ளி வெச்சது ஆருங்க?"

அண்ணனை அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன். "சயாமுக்குப் போனவர் திரும்பி வரலை. அவ்வளவுதான் தெரியும்" என்றார் அண்ணன். "கருமாதி பண்ணலாம்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. உயிரோட வந்து நின்னா என்ன பண்றதுன்னு அப்பா கடைசி வரைக்கும் ஒத்துக்கலை. பாட்டியும் பொட்டை எடுக்கவே இல்லை. ஏன், கையெழுத்து போட்டாச்சா?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். உயிரோடு இருந்தவருக்குக் கருமாதி செய்து முடித்துவிட்டார்கள் என்று இவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தேனே, செத்தவருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விடாமல் வைத்திருந்தது நாங்கள். எனக்கு அறுபத்தாறு வயது. ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை.

குப்புசாமி படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களையும் காலியாகவே விட்டு, கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் அதை வாங்கிப் பழைய பக்கத்தோடு வைத்துப் பார்த்தார். "மனசு கேக்கலீங்க அம்மணி" என்றார். "ஆனா பழைய கட்டத்துல நாளு இருக்குது, எடம் இருக்குது, செஞ்சவரு பேரும் இருக்குது. இதுல ஒண்ணுமே இல்லீங்களே. இத வெச்சு அத எப்படிங்க அடிக்கறது?" குப்புசாமி அவரோடு மல்லுக்கட்டினார். செயலாளர் ஒரு தடவையும் முடியாது என்று சொல்லவில்லை. படிவத்தை மடித்துக் கோப்பின் கடைசியில் வைத்துக்கொண்டார். அச்சுக்குப் பழைய கட்டம்தான் போனது.

குப்புசாமி சொம்போடு படியில் நின்றார். எந்த நாளைச் சொல்லித் தண்ணீர் விடுவது என்று புரோகிதர் கேட்டதற்கு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புது வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அண்ணனை அழைத்து டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன்.

"அவங்க ஒத்துக்கலையா?"

"அவங்க ஒத்துக்கிட்டாங்கண்ணே. நம்மகிட்டதான் அவர் செத்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை."